தரங்கம்பாடியில் ஒரு வீடு: சீகன்பால்கு ஐயரின் வாழ்க்கை

நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் திருக்கடையூர் செல்வது வழக்கம். அபிராமி அம்மன் சந்நிதியில் சடங்குகள் முடிந்தவுடன் வேன் தெற்கே திரும்பும். அடுத்துத் திருநள்ளாறு, பிறகு நாகூர், வேளாங்கண்ணி. அந்தப் பாதையில், திருக்கடையூரை விட்டுப் பத்து கிலோமீட்டர்கூட ஆகாத தூரத்தில் தரங்கம்பாடி என்றொரு சிற்றூர் இருக்கிறது. வேனில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஊரின் பழைய கோட்டைச் சுவருக்குள் ஒரு வீடு இருக்கிறது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுப் பாழடைந்து கிடந்த அவ்வீடு பழுதுபார்க்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் என் தந்தையைவிட வயது கூடிய கட்டடம் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கடினம். அப்படிப்பட்ட தாமானில் வளர்ந்த எனக்கு, முந்நூறு ஆண்டு பழமையுள்ள ஒரு வீட்டைக் காப்பாற்ற ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்ற செய்தியே வியப்பாக இருந்தது. யாருடைய வீடு அது? அவர் அப்படி என்னதான் செய்தார்? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது கிடைத்தவையே இக்கட்டுரை.

அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. 1682-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். பெற்றோர் இருவரையும் சிறு வயதிலேயே இழந்தார். பிறவியிலேயே மெலிந்த உடல். வயிற்று நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற சமயச் சீர்திருத்தவாதியிடம் பயின்றார். பிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளியும் அனாதை இல்லமும் அச்சகமும் நடத்தியவர். உடல்நலக் குறைவால் சீகன்பால்கு படிப்பை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பட்டம் பெறாத, நோயாளியான அந்த இளைஞரைத்தான் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் சமயப் பணிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

டென்மார்க்குக்கும் தரங்கம்பாடிக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழலாம். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் டேனிய கடற்படைத் தளபதி ஓவே கியெட்டே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி டேனியர் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி மிளகு வணிகம் செய்தனர். அதாவது, போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் நம் மலாக்காவில் செய்த வேலையைச் சிறிய அளவில் அவர்கள் அங்கே செய்தார்கள் எனலாம்.

1705 நவம்பரில் கோப்பன்ஹேகனிலிருந்து சீகன்பால்குவும் அவருடைய நண்பர் புளூட்சோவும் கப்பலேறினர். 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். ஏழு மாதக் கடற்பயணம். அரசரின் ஆணையோடு வந்தவர்களை அங்கிருந்த டேனிய ஆளுநர் ஹாசியுஸ் வரவேற்கவில்லை. வணிகம் செய்ய வந்த இடத்தில் பாதிரிமார் வந்து ஊர் மக்களைக் கிளறிவிட்டால் கணக்குப் புத்தகம் கெட்டுவிடும் என்பது கம்பெனியின் அச்சம்.

வந்திறங்கியவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கற்பிக்க இலக்கண நூலோ அகராதியோ கையில் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வயது முதிர்ந்த ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரை அழைத்து, தம் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி கேட்டுக்கொண்டார். சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதினர். இருபத்து நான்கு வயது வெள்ளைக்காரர் ஒருவர் அவர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்து அதே மணலில் எழுதினார். எழுத்துப் பழகியதே தவிர பொருள் விளங்கவில்லை. பொருள் சொல்ல அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். அவருக்குப் போர்த்துக்கீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் சில தெரியும். நம் வரலாற்று நூல்களில் அழகப்பனுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அவர் இல்லையென்றால் சீகன்பால்கு மணலை விட்டே எழுந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். கணவரை இழந்த பெண்களிடமிருந்தும் பயன்படுத்துவாரற்ற வீடுகளிலிருந்தும் விலை கொடுத்து வாங்கினார்; கிடைக்காதவற்றை ஆள் வைத்துப் படியெடுத்தார். 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது, எத்தகையவர் படிப்பது என்ற குறிப்பும் அதில் உண்டு. திருக்குறள் அப்பட்டியலில் இருக்கிறது. தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் விரிவான பட்டியல்களுள் அது ஒன்று. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நாம் தமிழ்ப்பள்ளியில் காலைக் கூடலில் நின்று ஒப்புவித்த அதே கொன்றை வேந்தனும் உலகநீதியும்தாம்! அம்மொழிபெயர்ப்புகள் அச்சேற 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வந்தது மதம் மாற்ற. நம் மரபின்மீது காதல் கொண்டு வந்தவரல்லர். தொடக்க நாள்களில் ஒரு கோயில் அருகே இருந்த மண் உருவங்களின் தலைகளைத் தட்டி உடைத்ததை அவரே ஊருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்திருக்கிறார். அங்கிருந்த ஏழை ஆசிரியர் ஒருவர் சினம் கொள்ளாமல், அவை கடவுளர் அல்ல, கடவுளின் காவலர்கள் மட்டுமே என்று அவருக்கு விளக்கினாராம். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு சுருக்கென்றது. கட்டுரையை இதோடு விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சிலையை உடைத்த அதே கை, சில ஆண்டுகளில் அச்சிலைகள் யார் யார் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதத் தொடங்கியது. கற்றறிந்த தமிழர்களுக்குக் கேள்விகளை அனுப்பி, அவர்கள் ஓலையில் எழுதிய ஏறக்குறைய நூறு மறுமொழிக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். பெரிய தெய்வங்கள் மட்டுமல்ல, ஐயனார், மாரியம்மன், பிடாரி போன்ற ஊர்த் தெய்வங்களையும் பற்றி 1713-இல் ஒரு முழு நூலே எழுதி முடித்தார். ஹாலேயில் இருந்த அவருடைய ஆசான் அதை அச்சிட விரும்பவில்லை. அங்குள்ள சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவுக்குள் கொண்டுவருவதா என்பது அவருடைய மனக்குறை. ஆகவே அந்நூலும் உறங்கியது. 1867-இல்தான் சென்னையில் அச்சானது. அதாவது 154 ஆண்டுகள் கழித்து.

சிறைக்கும் அவர் போனார். ஓர் ஏழைத் தமிழ் விதவைக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் கடன் வழக்கு. சீகன்பால்கு அந்தப் பெண்ணின் பக்கம் பரிந்து பேசிக்கொண்டே இருந்தார். ஆளுநருக்குப் பொறுக்கவில்லை. விசாரணைக்கு வரச் சொன்னபோது எழுத்து மூலம் அழைப்பாணை வேண்டும் என்று இவர் கேட்டார். 1708 இறுதியில் கைது செய்து டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துக்கொள்ளும் அதே கோட்டைதான்.

அச்சகத்தின் கதை ஒரு நாவலுக்குரியது. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையும் அச்சுத் தொழிலாளி ஒருவரையும் அனுப்பியது. கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. மீட்டெடுத்துப் புறப்பட்டால் வழியிலேயே தொழிலாளி இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடியை அடைந்தது. நல்லவேளையாக, டேனியரின் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சுவேலை தெரிந்திருந்தது. ஆனால் வந்தது போர்த்துக்கீசிய நூல்களுக்கான உரோமன் எழுத்து. தமிழ் எழுத்துகளுக்கான மாதிரிகளைக் கையால் எழுதி ஹாலேக்கு அனுப்பினார் சீகன்பால்கு. தமிழே தெரியாத கைவினைஞர்கள் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அச்சு வார்த்தார்கள். 1713-இல் அவை வந்து சேர்ந்தன. எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அப்படியே அச்சிட்டால் காகிதம் போதாது. கூடவே வந்த அட்லர் என்பவர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கான ஈயத்தை, லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத்தகட்டை உருக்கி எடுத்தார்கள் என்பது பலரும் குறிப்பிடும் செய்தி. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்து ஊரான பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள்.

1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது. தமிழ் அச்சுக்கு இவரே தந்தை என்று சிலர் எழுதுவது சரியல்ல. 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. அது அண்டிரிக் அடிகளாரின் பணி. ஆயினும் அந்த முயற்சிகள் விட்டுவிட்டு நடந்து பின் ஓய்ந்துபோயின. தரங்கம்பாடி அச்சகமோ சீகன்பால்கு மறைந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து இயங்கியது. பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர் பள்ளி நடத்தியது 1707-இலேயே தொடங்கிவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

1714 இறுதியில் ஐரோப்பா திரும்பினார். கப்பலிலும் சும்மா இருக்கவில்லை. தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1716-இல் ஹாலேயில் அச்சானது. மரியா டொரோத்தேயா என்ற பெண்ணை மணந்தார். இங்கிலாந்து மன்னரைச் சந்தித்தார். 1716 ஆகஸ்டில் மனைவியோடு தரங்கம்பாடிக்குத் திரும்பிவந்தார்.

அவருடைய இறுதி ஆண்டுகளின் துயரம் கட்டடங்களைப் பற்றியது. 1707-இல் அவர் எழுப்பிய முதல் தேவாலயம் கடலோரத்தில் இருந்தது. அதைக் கடல் மெல்ல அரித்து வந்தது. எனவே நகருக்குள்ளே புதிய எருசலேம் தேவாலயத்துக்கு 1717-இல் அடிக்கல் நாட்டினார். 1718 அக்டோபர் 11-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதே காலத்தில் கோப்பன்ஹேகனில் சமயப் பணிக் குழுவின் செயலாளராக இருந்த வெண்ட் என்பவரிடமிருந்து கடுமையான கடிதங்கள் வந்தன. வீடு, பள்ளி, ஆலயம் என்று செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பணத்தைக் கொட்டுவது வீண். கிறிஸ்துவின் சீடர்களைப்போல் கைத்தடியோடு ஊர் ஊராக நடந்து பேசினால் போதும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பத்தாயிரம் மைல் தள்ளி மேசையில் அமர்ந்து எழுதுவது எளிது. பள்ளிக்கூடம் இல்லாமல் எங்கே கற்பிப்பது, அச்சகத்துக்குக் கூரை வேண்டாமா என்று இங்கே இருப்பவருக்குத்தானே தெரியும்? நம் தமிழ்ப்பள்ளிகளின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பெற்றோர் அலைந்த அலைச்சலை அறிந்தவர்களுக்கு சீகன்பால்குவின் மனநிலை புரியும். ஏற்கெனவே நோயில் கிடந்தவரை அக்கடிதங்கள் மேலும் வாட்டின. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் காலமானார். வயது முப்பத்தாறுதான். தாம் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்தார். மீதியைப் பின்னால் வந்த பெஞ்சமின் சுல்ட்சே முடித்தார்.

அதன்பின் ஊரின் கதை. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்தது; வணிகம் அங்கே போயிற்று. துறைமுகம் ஓய்ந்தது. பணம் இருந்தவர்கள் வெளியேற, மீனவக் குடும்பங்களும் பள்ளிகளும் தேவாலயங்களும் மட்டும் எஞ்சின. ஒரு வகையில் அந்த வறுமைதான் பழைய தெருக்களைக் காப்பாற்றியது. பணம் புழங்கியிருந்தால் எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கடைவீடு கட்டியிருப்பார்கள். ஜொகூர் பாருவில் நாம் பார்க்காததா? ஆனால் வறுமை இடிக்காமல் விடுமே ஒழியப் பழுதுபார்க்காது. கடலோர உப்புக்காற்று சுவருக்குள் புகுந்து செங்கல்லைப் பொடியாக்கும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த விரிசலில் ஆலும் அரசும் வேர்விடும். தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் உடைமையான சீகன்பால்கு வீட்டுக்கும் இந்தக் கதியே நேர்ந்தது. அவ்வளவு பழைய வீட்டைத் தூக்கி நிறுத்தும் செலவு ஓர் ஏழைத் திருச்சபைக்கு எட்டக்கூடியதன்று.

மாற்றம் இருபத்தோராம் நூற்றாண்டில் வந்தது. டென்மார்க்கில் 2002-இல் அமைக்கப்பட்ட தரங்கம்பாடிச் சங்கம், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையோடு சேர்ந்து டான்ஸ்போர்க் கோட்டையைச் செப்பனிட்டது. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. நம் பினாங்கையும் கோத்தா கோலா மூடாவையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை தரங்கம்பாடி மீனவர் குப்பத்தைச் சூறையாடியது. புதிய எருசலேம் தேவாலயமும் சேதமுற்றது. சீகன்பால்கு வந்திறங்கிய முந்நூறாம் ஆண்டு நிறைவான 2006-க்குள் அதைச் சீர்செய்தார்கள். பேரலைக்குப்பின் உலகின் பார்வை அவ்வூர்மீது விழுந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஆளுநர் மாளிகையைப் புதுப்பிக்கத் துணைநின்றது. பொற்கொல்லர் தெருவின் சாதாரண வீடுகளை இன்டாக் எனும் இந்தியப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொன்றாக மீட்டது.

சீகன்பால்குவின் வீட்டுக்கு வந்தவர்கள் ஹாலேக்காரர்கள். அவர் படித்த அதே பிராங்கே நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களையும் ஓலைச்சுவடிகளையும் முந்நூறு ஆண்டுகளாக அது பாதுகாத்து வைத்திருக்கிறது. வீட்டை எழுப்பியவரின் சொற்களெல்லாம் அங்கே இருக்க, வீடு மட்டும் இங்கே இடிந்துகொண்டிருந்தது. திருச்சபையோடு கைகோத்து அந்நிறுவனம் வீட்டைச் செப்பனிட்டது.

இத்தகைய வேலையில் சிமெண்டு பகையாளி என்பதை இதைப் படித்தபோதுதான் அறிந்தேன். பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். சிமெண்டு பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளபளப்பாகத் தெரியும் சுவர் உள்ளுக்குள் உளுத்துப்போகும். எனவே பழையபடி சுண்ணாம்பைக் குழைத்துத்தான் பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் அரிதாகிவிட்டார்கள். நம் நாட்டிலும் தோட்டத்துக் கோயில்களையும் பழைய பள்ளிக் கட்டடங்களையும் நல்லெண்ணத்தோடு சிமெண்டு பூசிப் புதுப்பிக்கிறோம் அல்லவா? அவற்றின் கதி என்னவாகும் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

யாருடைய நினைவைக் காக்க யார் செலவிடுவது என்றொரு வழக்கு இதில் உண்டு. வெள்ளைக்காரப் பாதிரியின் வீட்டுக்கு இவ்வளவு ஆரவாரமா, அதே கடற்கரையில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் பாதி கடலுக்குள் போனதே, அதைக் கேட்பாரில்லையா என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1306-இல் குலசேகர பாண்டியன் நிலக்கொடை அளித்த கோயில் அது. கடல் அதன் முன்பகுதியை விழுங்கியது உண்மை. எஞ்சியதற்குக் கற்களைக் கொட்டி அரண் அமைத்து, அண்மைக் காலத்தில் கோயிலையும் புதுப்பித்திருக்கிறார்கள். சீகன்பால்குவின் முதல் தேவாலயத்தை அரித்ததும் அதே கடல்தான். எனக்கு ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்று தோன்றவில்லை. அழகப்பனும் திண்ணைப்பள்ளி ஆசிரியரும் மறுமொழிக் கடிதம் எழுதிய தமிழர்களும் அந்தப் பாதிரியின் வழியாகத்தான் நமக்குத் தெரியவந்தார்கள். அவர்களுக்கென்று வேறு வீடு எதுவும் மிஞ்சவில்லை.

இந்த ஊரின் கிளை நம் நாட்டிலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்த தமிழ் லூத்தரன் மக்கள் தரங்கம்பாடி மரபிலிருந்து வந்தவர்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள சீயோன் லூத்தரன் தேவாலயம் அவர்கள் எழுப்பியதே. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன். அதன் வேர் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் ஒரு மணிவிழா. திருக்கடையூரிலிருந்து புறப்பட்டபோது வேன் ஓட்டுநர் அண்ணனிடம் தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். வேளாங்கண்ணிக்கு நேரமாகிறது என்று அத்தை முணுமுணுத்தார். பட்டுப் புடவையோடு அந்த வீட்டின் வாசலில் நின்று, யார் வீடு இது என்று பாட்டி கேட்டார். மணலில் எழுதித் தமிழ் படித்த வெள்ளைக்காரர் வீடு என்றேன். தானும் தோட்டத்துப் பள்ளியில் மணலில்தான் எழுதிப் பழகியதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார் பாட்டி.